இருவரும் ஒப்புக்கொள்ளும் ஏரி

வீரபாண்டி
2-4-2025

நதியாவுக்கு,

போன் செய்தால் பாதியில் வைத்துவிடுகிறாய். வாட்ஸ்அப்பில் எழுதினால் அதை அச்செடுத்து வக்கீலிடம் கொடுக்கிறாய். குடும்பநல நீதிமன்றத்தில் நமக்குச் சமரசம் பேசிய அம்மா, "இனிமே எதுவானாலும் காகிதத்துல எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்க. எழுதறப்பவாவது கொஞ்சம் யோசிப்பீங்க" என்று சொன்னார்கள். அதனால்தான் இந்தக் கடிதம். யோசித்துத்தான் எழுதுகிறேன்.

கோடை விடுமுறையில் இரண்டு இரவு நம் மகள் இனியா என்னோடு வெளியூரில் தங்கலாம், இடத்தை இருவரும் எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது உத்தரவு. போன வருடமும் இதே உத்தரவுதான் இருந்தது. நான் மூன்று இடம் சொன்னேன். மூன்றையும் மறுத்தாய். விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்துவிட்டது.

அவளுக்குப் பத்து வயதாகிறது. மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணிக்கு மங்கலத்துக்கு வந்து உன் அப்பா வீட்டு வாசலில் அவளை ஏற்றிக்கொள்கிறேன். ஒரு மால், ஒரு பிரியாணிக் கடை, மாலை ஐந்து மணிக்குத் திரும்ப அதே வாசல். இதுதான் எனக்குக் கிடைத்திருக்கிற அப்பா வேலை.

போன ஞாயிறு அவளே கேட்டாள். "ஏரி பக்கத்துல தங்கோணும்ப்பா. காலையில எந்திரிச்சா ஜன்னல்ல தண்ணி தெரியோணும்" என்றாள். விசாரித்துவிட்டேன். கொடைக்கானல் தாண்டி மன்னவனூர் ஏரிப் பக்கம் புல்வெளியில் கூடாரம் போட்டுக் கொடுக்கிறார்கள். அண்ணன் குடும்பமும் வருகிறது. அண்ணன் பிள்ளைகள் யுவன், ஜனனியோடு இனியா ஒரு கூடாரத்தில் படுத்துக்கொள்ளட்டும். மலைக்குப் போக இ-பாஸ் நானே போட்டுவிடுகிறேன். மே 9 வெள்ளிக்கிழமை காலை புறப்பட்டு 11 ஞாயிறு மாலை கொண்டுவந்து விடுகிறேன்.

சரி என்று எழுது. இதற்கு மேல் உன்னிடம் எனக்கு எதுவும் வேண்டியதில்லை.

வேல்குமார்

*

மங்கலம்
7-4-2025

திரு. வேல்குமார் அவர்களுக்கு,

முதலில், என்னை 'நீ' என்று எழுத வேண்டாம். அந்த உரிமை முடிந்து இரண்டு வருடம் ஆகிறது.

கூடாரத்துக்கு நான் சம்மதிக்க மாட்டேன். உங்கள் அண்ணன் பிள்ளைகளோடு இனியா ஒரே கூடாரத்தில் படுக்க மாட்டாள். காரணம் கேட்க வேண்டாம். அவளைத் தினமும் பார்த்துக்கொள்கிறவள் சொல்கிறேன், அது போதும்.

போதாது என்பீர்கள். சரி, ஊருக்கே தெரிந்த காரணத்தைச் சொல்கிறேன். 2023 மே மாதம் அவளை அந்த அணைக்கட்டுக்குக் கூட்டிப்போனீர்கள். எனக்குச் சரக்கு அனுப்பும் ஷிப்மென்ட் வாரம், கம்பெனியை விட்டு நகர முடியவில்லை. "நான் பார்த்துக்கறேன், அவ என்ன கைக்குழந்தையா?" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். மறுநாள் காலை ஆறரை மணிக்கு எனக்கு ஒரு போன் வந்தது. "எம்மா, நான் இங்க அணையில மீன் புடிக்கிற ராக்கையா பேசுறேன். ஒங்க புள்ள இடுப்பளவு தண்ணிக்குள்ள நின்னுச்சு. கூட ஆரயும் காணோம். நான் தூக்கியாந்து கரையில விட்டிருக்கேன். இந்த நம்பர் மட்டுந்தான் அதுக்குத் தெரியுது" என்றார் அந்த மனிதர்.

எட்டு வயதுக் குழந்தை. அப்போது நீங்கள் அறைக்குள் தூங்கிக்கொண்டிருந்தீர்கள். நான் மூன்று பஸ் மாறி வந்து சேர்ந்து, "குடிச்சிட்டுக் கெடந்தீங்களா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன். நீங்கள் வாயைத் திறக்கவில்லை. அந்த மௌனத்தைக் கேட்டுவிட்டுத்தான் நான் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு என் அப்பா வீட்டுக்கு வந்தேன்.

ராக்கையா வலை எடுக்க அரை மணி நேரம் பிந்தியிருந்தால், நீங்கள் எனக்கு இன்று ஏரி பற்றிக் கடிதம் எழுதிக்கொண்டிருக்க மாட்டீர்கள்.

நதியா

*

வீரபாண்டி
12-4-2025

மதிப்பிற்குரிய நதியா அவர்களுக்கு,

'நீங்கள்' என்றே எழுதுகிறேன். எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் அல்லவா, வெளிநாட்டு பையர் சாம்பிளைத் திருப்பி அனுப்புவது போல ஏரிகளைத் திருப்பி அனுப்பப் பழகிவிட்டீர்கள். கலர் சரியில்லை, காலர் சரியில்லை, அடுத்தது காட்டு. நானும் பனியனில் பிரிண்டிங் போடுகிறவன்தான். பத்துத் தடவை திரும்பி வந்தாலும் பதினோராவது அடித்துக் கொடுப்பேன்.

கூடாரத்தை விட்டுவிட்டேன். அண்ணன் குடும்பத்தையும் விட்டாயிற்று. இது புது இடம்: ஏற்காடு. இ-பாஸ் தொல்லை இல்லை. ஏரிக்கு எதிரிலேயே ஒரு லாட்ஜ் பார்த்திருக்கிறேன். வாட்ச்மேன் உண்டு, வாசலில் கேட் உண்டு, ஏரியைச் சுற்றிக் கம்பி வேலி உண்டு. ஜன்னலைத் திறந்தால் தண்ணீர் தெரியும். படகில் போகும்போது லைஃப் ஜாக்கெட் போடாமல் ஏற்ற மாட்டார்கள்.

பெண் குழந்தைக்குப் பெண் துணை வேண்டும் என்று போன வருடம் சொன்னீர்கள். அம்மா வருகிறாள். இனியா அவள் அப்பாயியோடு ஒரே கட்டிலில் படுத்துக்கொள்ளட்டும். நான் பக்கத்து அறையில் இருக்கிறேன். இதற்கு மேல் ஒரு மனிதன் என்ன செய்ய முடியும்?

வேல்குமார்

*

மங்கலம்
17-4-2025

திரு. வேல்குமார் அவர்களுக்கு,

உங்கள் அம்மா குழந்தையம்மாளோடு என் மகள் ஒரே கட்டிலிலா? ஒன்பது வருடம் அந்த வீட்டில் நான் இருந்தேன். பிள்ளைக்குச் சளி பிடித்தாலும், பரீட்சையில் மார்க் குறைந்தாலும், சாப்பாட்டில் கருவேப்பிலையை ஒதுக்கினாலும், "நம்மூட்டுல இப்பிடியெல்லாம் ஆருக்கும் கெடையாது. அது அங்கிருந்து வந்த பழக்கம்" என்பார்கள். 'அங்கிருந்து' என்றால் பஞ்சம் பிழைக்கத் திருப்பூர் வந்த என் அப்பா சகாயராஜின் வீடு. அதைக் கேட்டுக்கொண்டு நீங்கள் செய்தித்தாள் படிப்பீர்கள்.

அவர்கள் கண்ணில் பட்ட எதுவும் மறுநாள் சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் போய்விடும். என் மகள் அவர்கள் பக்கத்தில் ஒரு ராத்திரிகூடப் படுக்க மாட்டாள்.

ஒரு வழி சொல்கிறேன். பகலில் எந்த ஏரிக்கு வேண்டுமானாலும் கூட்டிப்போங்கள், கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். நஞ்சராயன் குளத்தில் பறவை பார்க்கலாம். அமராவதி அணைக்குப் போகலாம், திருமூர்த்தி அணைக்குப் போகலாம். விடியற்காலை ஐந்து மணிக்கு வந்து கூட்டிக்கொண்டு, இரவு ஒன்பது மணிக்குக் கொண்டுவந்து விட்டாலும் ஒன்றும் சொல்ல மாட்டேன். தங்குவது மட்டும் வேண்டாம்.

நதியா

*

வீரபாண்டி
22-4-2025

நதியா அவர்களுக்கு,

அமராவதியில் முதலைப் பண்ணை இருக்கிறது. அங்கே என்னோடு அனுப்பத் தயார். ஏற்காட்டில் கம்பி வேலி போட்ட ஏரிக்கு எதிரில், பூட்டு உள்ள அறையில் தூங்க மட்டும் அனுப்ப மாட்டீர்கள். இதைச் சமரச அம்மாவிடம் காட்டினால் அவர்களே சிரிப்பார்கள்.

உங்களுக்கு ஏரி பிரச்சினை இல்லை. என் அம்மாவும் பிரச்சினை இல்லை. இனியா என்னோடு ஒரு இரவு சந்தோஷமாக இருந்துவிட்டு வந்துவிடுவாளோ என்பதுதான் பிரச்சினை. காலையில் எழுந்து என் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிடுவாளோ என்று பயம்.

என்னோடு மட்டும் இல்லை என்பதும் இப்போது தெரிந்துவிட்டது. அவள் வகுப்பு ஆசிரியை கீர்த்தனா மிஸ்ஸைப் பார்த்தேன். பிப்ரவரியில் பள்ளிக்கூடத்தில் இரண்டு நாள் சுற்றுலா போனார்களாம். வகுப்பில் எல்லோரும் போனார்கள், இனியா போகவில்லை. "அவங்கம்மா அனுப்ப மாட்டேன்னுட்டாங்க சார். பிரெண்டோட பர்த்டேக்குக்கூட ராத்திரி தங்க விடலையாம்" என்றார்கள். பிள்ளையைக் கூண்டில் வைத்து வளர்க்கிறீர்கள். இதையெல்லாம் எழுதி வக்கீலிடம் கொடுத்திருக்கிறேன். இந்த மாதக் கடைசிக்குள் ஏற்காட்டுக்குச் சம்மதம் வரவில்லையென்றால் மனு போடுவேன்.

அந்த அணைக்கட்டு விஷயம். எப்போது பார்த்தாலும் அதை எடுத்து என் முகத்தில் வீசுகிறீர்கள். நான் போதையில் கிடக்கவில்லை. அன்று என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன் என்று ஒருவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன், அதனால் சொல்லவில்லை. இரண்டு வருடமாகக் குடிகாரன் பட்டத்தைச் சுமந்துகொண்டு திரிகிறேன்.

வேல்குமார்

*

மங்கலம்
25-4-2025

திரு. வேல்குமார் அவர்களுக்கு,

ஒருவருக்கு வாக்குக் கொடுத்தீர்களா? நன்றாக இருக்கிறது.

அந்த அறையில் நீங்களும் குழந்தையும் மட்டும்தான் தங்கினீர்கள் என்றுதான் இத்தனை நாள் நினைத்தேன். குழந்தையை வெளியே விட்டுக் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டிய அவசியம் உங்களுக்கு எதனால் வந்தது என்று இப்போதுதான் புரிகிறது. யார் அவள்? உங்கள் பிரிண்டிங் யூனிட்டில் வேலை பார்த்தவளா? அவள் பேரைக் காப்பாற்றத்தான் குடிகாரன் பட்டத்தைச் சுமந்தீர்களா? பிள்ளை தண்ணீருக்குள் நின்றபோது அவளும் தூங்கிக்கொண்டிருந்தாளா?

மனு போடுங்கள். என் பதில் மனுவில் இந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்கும்படி வக்கீலிடம் சொல்லியிருக்கிறேன். உங்கள் கடிதத்தின் அந்த வரியையும் இணைக்கப் போகிறார்கள். கையெழுத்துப் போட்டு அனுப்பியதற்கு நன்றி.

நதியா

*

வீரபாண்டி
28-4-2025

நதியா,

வேறொரு பெண். உன்னால் அப்படி மட்டும்தான் நினைக்க முடியும். 'நீ' என்றுதான் எழுதுகிறேன், வேண்டுமானால் அதையும் மனுவில் சேர்த்துக்கொள்.

என் பெண்ணுக்குக் கொடுத்த வாக்கு அது. இந்த அசிங்கத்தை நீ நீதிமன்றத்தில் படித்து, அது ஒருநாள் அவள் காதுக்குப் போவதைவிட, நான் வாக்குத் தவறியவனாகவே இருந்துவிடுகிறேன்.

முந்தின நாள் சாயங்காலம் ஒரு பீர் குடித்தேன். ஒன்றே ஒன்று. ஒன்பது மணிக்கெல்லாம் இனியாவும் நானும் படுத்துவிட்டோம். காலையில் கதவைத் தட்டுகிற சத்தத்தில்தான் விழித்தேன். ராக்கையா நின்றார். இனியா அவர் லுங்கியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நெஞ்சுவரை நனைந்திருந்தாள். "என்னய்யா மனுசன் நீ" என்று தொடங்கி அவர் திட்டியதெல்லாம் நியாயம். அதற்குள் உனக்குப் போன் போய்விட்டிருந்தது.

அவர் போனதும் அவளைப் பார்த்துக் கையை ஓங்கினேன். பயத்தில் வந்த கோபம். அப்போதுதான் கட்டில் கண்ணில் பட்டது. மெத்தையில் ஈரம். மேலே விரித்திருந்த துணியைக் காணோம்.

"பெட்ஷீட் எங்க கண்ணு?"

ஈரச் சட்டையின் நுனியைப் பிழிந்தாள்.

"தண்ணிக்குள்ள போயி என்ன பண்ணுன?"

"தொவைச்சேனுங்கப்பா. கையை உட்டுப் போயிருச்சு. புடிக்கலாம்னு உள்ள போனேன்."

"பாத்ரூம்ல தொவைக்க வேண்டியதுதான சாமி?"

"கொழாயத் தொறந்தாச் சத்தம் கேக்கும். நீங்க எந்திரிச்சுருவீங்க."

ஓங்கிய கை அப்படியே கீழே இறங்கிவிட்டது நதியா. எட்டு வயதுக் குழந்தை படுக்கையை நனைத்துவிட்டு, அப்பன் விழித்துக்கொள்வான் என்று பயந்து, அந்தத் துணியைச் சுருட்டி எடுத்துக்கொண்டு ஓர் அணைக்கட்டுக்குத் துவைக்கப் போயிருக்கிறாள். அவளுக்கு வேறு சட்டை போட்டுவிட்டேன். அப்போது என் கையை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள். "அம்மாகிட்ட மட்டும் சொல்லீராதீங்கப்பா. சத்தியம் பண்ணுங்க" என்றாள். பண்ணினேன்.

மதியம் நீ வந்து எல்லோர் முன்னாலும் கேட்டாய். நான் என்ன பதில் சொல்ல? அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் வாயைத் திறந்தால் நீ அடுத்த கேள்வியை அவளிடம் கேட்டிருப்பாய். சும்மா நின்றேன். நீ போய்விட்டாய்.

புது இடம், பயந்துவிட்டாள், ஏதோ அன்றைக்கு ஒரு நாள் அப்படி ஆகிவிட்டது. குழந்தைகளுக்கு நடப்பதுதான். அதைப் பெற்ற தாயிடம் சொல்லக்கூட நடுங்கினாள் பார், அது எப்படி வந்தது? ராத்திரியெல்லாம் உட்கார்ந்து இன்னொரு பெண்ணைத் தேடினாயே, கொஞ்ச நேரம் இதையும் யோசி.

வேல்குமார்

*

மங்கலம்
3-5-2025

திரு. வேல்குமார் அவர்களுக்கு,

அது ஒரு நாள் நடந்தது இல்லை.

வாரத்துக்கு மூன்று நாள் நடக்கிறது. சில வாரம் ஐந்து நாள். இரண்டு வருடமாக.

என் அப்பா வீட்டுக்கு வந்த நான்காம் நாள் காலையில், பீரோவுக்குப் பின்னால் சுருட்டி ஒளித்துவைத்திருந்த துணியை எடுத்தேன். அவள் அழவில்லை. என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், ஜெபம் பண்ணும் மேசையில் இருந்த பைபிள் மேல் வைத்தாள். "அப்பாட்ட சொல்லிராதீங்கம்மா. சொன்னா என்னைய எங்கயும் கூட்டிட்டுப் போகமாட்டாங்க" என்றாள். நானும் சத்தியம் பண்ணிக் கொடுத்தேன்.

டாக்டரிடம் காட்டிவிட்டேன். உடம்பில் ஒரு குறையும் இல்லை, தானாக நின்றுவிடும், திட்டாதீர்கள், நாலு பேருக்குத் தெரியவிடாதீர்கள் என்றார். இப்போது என் கடிதங்களை எடுத்து மறுபடி படியுங்கள். யுவன், ஜனனியோடு ஒரே கூடாரத்தில் ஏன் வேண்டாம் என்றேன்? உங்கள் அம்மா கட்டிலில் ஏன் வேண்டாம் என்றேன்? அவர்கள் என்னவெல்லாம் பேசியிருப்பார்கள், யாரிடமெல்லாம் பேசியிருப்பார்கள்? பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்கு நான் தடை சொல்லவில்லை. "அம்மா விடலன்னு நீங்களே மிஸ்கிட்ட சொல்லிருங்கம்மா" என்று அவள்தான் என் காலைப் பிடித்தாள். கூண்டில் வளர்க்கிறவள் என்ற பேரை நானும் சும்மா சுமக்கவில்லை.

ஆனால் உங்களைத் தியாகி என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். பிள்ளை மேல் கை ஓங்கினீர்கள் என்று உங்கள் கையாலேயே எழுதியிருக்கிறீர்கள். இரண்டு வருடம் கழித்து ஒரு பீர் வெளியே வருகிறது. அவளுக்கு அந்தப் பயம் அணைக்கட்டில் தொடங்கவில்லை. அதற்கு முந்தைய தீபாவளி வாரம், நீங்கள் டிவியைத் தூக்கிப் போட்டு உடைத்தீர்களே, அன்று. நானும் பதிலுக்குத் தெருவே கேட்கக் கத்தினேன், அதை மறைக்கவில்லை. அவள் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றாள். யாரைப் பார்த்து அதிகம் பயந்தாள் என்று வேண்டுமானால் நீதிபதி முன்னால் நாம் இருவரும் போட்டி போடலாம்.

வேறொரு பெண் என்று எழுதியது தவறு. அந்த ஒரு வரியை மட்டும் திரும்பப் பெறுகிறேன்.

ஏற்காட்டுக்குச் சம்மதம். கையெழுத்துப் போட்ட தாள் தனியாக இருக்கிறது. உங்கள் அம்மா வரக் கூடாது. நீங்களும் அவளும் மட்டும், ஒரே அறை, இரண்டு கட்டில். மாலை ஆறு மணிக்கு மேல் ஜூஸ், டீ, ஐஸ்கிரீம் எதுவும் வேண்டாம். படுப்பதற்கு முன்பும், பதினொரு மணிக்கு ஒரு தடவையும் எழுப்பிக் கூட்டிப்போங்கள். விளக்கைப் போடாதீர்கள், எதுவும் பேசாதீர்கள். அவள் பையின் அடியில் ரப்பர் ஷீட்டும் மாற்று விரிப்பும் இருக்கும். வழக்கமாக அவளே போட்டுக்கொள்வாள், நீங்கள் பார்க்காதது போல வெளியே நில்லுங்கள். காலையில் நனைந்திருந்தால், குளித்துவிட்டு வா என்று மட்டும் சொல்லுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது இது. நாம் இதைப் பற்றி எழுதிக்கொண்டோம் என்பது அவளுக்குத் தெரியவே கூடாது. மனப்பாடம் பண்ணிக்கொண்டு இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடுங்கள்.

நதியா

*

வீரபாண்டி
12-5-2025

நதியாவுக்கு,

கிழிக்கவில்லை. ஆறு மணியா ஏழு மணியா, பதினொன்றா பத்தா என்று தடுமாறிவிடக் கூடாது என்று சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். என் புத்தி அவ்வளவுதான். நீ திட்டுவதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

நேற்று சாயங்காலம் வாசலில் அவள் உன்னைப் பார்க்காமல் நேராக உள்ளே போனாளே, "என்ன செஞ்சீங்க பிள்ளைய?" என்று கேட்டாய். நான் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். இதுதான் நடந்தது.

வெள்ளியும் சனியும் நன்றாகவே போயின. போனதும் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். ஏரிக்கு மேல் பனி இறங்கி வருவதைப் பார்த்து, "அப்பா, தண்ணி மூச்சு உடுது" என்றாள். இரண்டு தடவை மிதிபடகில் போனோம். அவளுக்குக் கால் சரியாக எட்டவில்லை, இருந்தாலும் தானேதான் மிதிப்பேன் என்று கரை வரைக்கும் மிதித்தாள். நீ எழுதியபடியே எல்லாம் செய்தேன். இரண்டு காலையும் படுக்கை காய்ந்துதான் இருந்தது. சனிக்கிழமை காலையில் எழுந்ததும் விரிப்பைத் தடவிப் பார்த்துவிட்டு, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு கட்டில் மேல் நின்று ஒரு குதி குதித்தாள். நான் தூங்குவது போலக் கிடந்தேன்.

ஞாயிறு காலை அறையைக் காலி செய்துவிட்டு, கடைசியாக ஒரு தடவை படகு என்றாள். வரிசையில் நின்று டிக்கெட் எடுத்தேன். வேர்க்கிறது என்று டி-ஷர்ட்டுக்கு மேல் போட்டிருந்த சட்டையைக் கழற்றி அவள் மடியில் போட்டுவிட்டுச் சோளக்கதிர் வாங்கப் போனேன். டிக்கெட்டை எடுக்கப் பையில் கையை விட்டிருக்கிறாள்.

நான் திரும்பி வந்தபோது படிக்கட்டில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். உன் கையெழுத்து அவளுக்குத் தெரியாதா? பிடுங்கப் பார்த்தேன். விடவில்லை. கடைசி வரி வரைக்கும் படித்தாள். மடித்தாள்.

"அம்மாவுக்கு நீங்க சொன்னீங்களா?" என்றாள்.

"கண்ணு, அது வந்து..."

"அம்மா உங்களுக்குச் சொன்னாங்களா?"

"உன்ற நல்லதுக்குத்தான் சாமி."

"உங்க சண்டைக்குள்ள என்னோடதையும் போட்டுட்டீங்களா?"

பக்கத்தில் நின்ற குடும்பம் திரும்பிப் பார்த்தது. அவள் குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். படகுக்காரர் எங்கள் நம்பரைக் கூப்பிட்டார். அவள் எழுந்து கார் இருந்த பக்கம் நடந்தாள். இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கினோம், சேலம், சங்ககிரி, பவானி எல்லாம் தாண்டினோம், ஒரு வார்த்தை இல்லை. பெருந்துறையில் நிறுத்தி, "ஏதாவது சாப்பிடலாமா கண்ணு?" என்றேன். கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நீ அதையெல்லாம் எழுதாமல் இருந்திருக்கலாம் என்று வழியெல்லாம் உன்னைத் திட்டிக்கொண்டே ஓட்டினேன். வீடு வந்து சேர்ந்த பிறகுதான், முதலில் எழுதியவன் நான் என்று உறைத்தது.

வக்கீலிடம் கொடுத்திருந்த மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். அவள் ஏதாவது பேசினாளா என்று மட்டும் எழுது.

வேல்குமார்

*

மங்கலம்
21-5-2025

திரு. வேல்குமார் அவர்களுக்கு,

ஒரு காகிதத்தைக் கிழிப்பது. உங்களிடம் நான் கேட்டதில் ஆகச் சின்ன வேலை அதுதான். அதுகூட உங்களால் ஆகவில்லை. இதைப் பற்றி எழுத எனக்கு இன்னும் எட்டுப் பக்கம் இருக்கிறது. ஆனால் எழுதப் போவதில்லை. ஏன் என்று கீழே தெரியும்.

ஆறு நாள் அவள் என்னிடம் பேசவில்லை. என் அப்பாவிடம் மட்டும் தண்ணீர் வேண்டும், ரிமோட் வேண்டும் என்று பேசினாள். அந்த ஆறு நாளும் படுக்கை நனைந்தது. அவளே எடுத்துப்போய் வாஷிங் மெஷினில் போட்டாள். நான் உதவிக்குப் போனால் கையைத் தட்டிவிட்டாள். ஏழாம் நாள் மொட்டை மாடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன். மேலே ஏறி வந்து நின்றாள்.

"நீங்க பைபிள் மேல கை வச்சீங்க. அப்பா என் தலைல கை வச்சாங்க" என்றாள்.

"ஆமாட்டி."

"எனக்கு நல்லதுன்னு சொல்லியிருந்தா முதல்லயே சொல்லியிருக்கணும். டாக்டர்ட்ட போனப்பவே அப்பாட்ட சொல்லியிருக்கணும். நீங்க அப்ப சொல்லல. கோர்ட்ல ஜெயிக்கணும்னு வந்தப்போ ரெண்டு பேரும் சொல்லிட்டீங்க."

கையில் ஈரத் துணியோடு அங்கேயே நின்றேன். இரண்டு வருடமாக நீங்கள் என் மேல் சொன்ன எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. நான் உங்கள் மேல் சொன்னதற்கும் உங்களிடம் ஏதாவது இருந்திருக்கும். இந்தப் பிள்ளை சொன்னதற்கு நம் இருவரிடமும் ஒன்றும் இல்லை. நானும் மறுக்கவில்லை, நீங்களும் மறுக்கப் பார்க்காதீர்கள்.

துணியைப் போட்டுவிட்டு அப்படியே மாடித் தரையில் உட்கார்ந்து அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். உங்கள் பேரை இழுக்காமல், நான் செய்ததற்கு மட்டும் கேட்டேன். எனக்கு அது அவ்வளவு எளிதாக இல்லை. "சரிம்மா" என்பாள் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. "பாக்குறேன்" என்றாள்.

படி இறங்கப் போனவள் நின்று இன்னொன்றும் சொன்னாள். "இனிமே எந்த ஏரிக்குப் போறதுன்னு நீங்க ரெண்டு பேரும் எழுதிக்க வேணாம். நான் சொல்லுவேன். போறதா வேணாமான்னும் நான்தான் சொல்லுவேன். அதுவரைக்கும் யாரும் எந்த ஊரும் பாக்க வேணாம்." அதைச் சமரச அம்மாவிடமும் போன் செய்து சொல்லிவிட்டேன். அவர்கள் குறித்துக்கொண்டார்கள். ஆகவே ஏரி பற்றி இனி எனக்கு எழுத வேண்டாம்.

நம் இருவருக்கும் நடுவில் ஒன்றும் மாறவில்லை. உங்களைப் பார்த்தால் எனக்கு இன்னும் எரிச்சல்தான் வருகிறது. உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும். அது நம்மோடு இருக்கட்டும்.

வரும் 25ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை உங்கள் முறை. பத்து மணிக்கு வாருங்கள். ஹாரன் அடிக்காதீர்கள். பொம்மை, டிரஸ், சாக்லேட் எதுவும் வாங்கி வராதீர்கள். நீங்கள் வருவது எதற்கு என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன், வெளியே வருவாளா என்று அவள் சொல்லவில்லை. நான் உங்களை உள்ளே கூப்பிட மாட்டேன். கேட்டுக்கு வெளியே வேப்பமர நிழல் இருக்கிறது, அங்கே நில்லுங்கள். அவள் வந்தால், என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லாமல், நீங்கள் செய்ததை மட்டும் சொல்லி மன்னிப்புக் கேளுங்கள். ஐந்து மணி வரைக்கும் வராமலும் போகலாம்.

வராவிட்டால் அடுத்த முறையும் வந்து நில்லுங்கள்.

நதியா